வாண்டர்வால்ஸ் மாறிலிகளிலிருந்து நிலைமாறு வெப்பநிலை: விடை இவ்வளவு பொருந்துவது ஏன்?

கேள்வி:
கார்பன் டைஆக்சைடின் நிலைமாறு வெப்பநிலையை (அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் வாயு திரவமாகாத வெப்பநிலை), உண்மை வாயுக்களுக்கான வாண்டர்வால்ஸ் சமன்பாட்டிலிருந்து வரும் 8ஏ ÷ (27 × ஆர் × பி) என்னும் வாய்பாட்டால் கணக்கிட்டேன். அட்டவணையில், மூலக்கூறுகளிடையே உள்ள ஈர்ப்பைக் குறிக்கும் ஏ 3.640 லிட்டர்² பார் மோல்⁻² என்றும் அவற்றின் பருமனைக் குறிக்கும் பி 0.04267 லிட்டர் மோல்⁻¹ என்றும் உள்ளன. வாயு மாறிலி ஆர் 0.08314 எனக் கொண்டால் 304.0 கெல்வின் கிடைக்கிறது. அளந்தறிந்த மதிப்பு 304.1 கெல்வின். ஆனால் நிலைமாறு கனஅளவை 3பி எனக் கணக்கிட்டால் மோலுக்கு 0.128 லிட்டர் வருகிறது; அளந்த மதிப்போ 0.094 லிட்டர்தான். ஒரே சமன்பாடு ஓரிடத்தில் துல்லியமாகவும் இன்னோரிடத்தில் இவ்வளவு பிழையாகவும் இருப்பது எப்படி?

மறுமொழி 1:
வெப்பநிலை பொருந்தியதைச் சமன்பாட்டின் வெற்றியாகக் கொள்ள வேண்டாம். அட்டவணைகளில் காணப்படும் ஏ, பி மதிப்புகள் பெரும்பாலும் அளந்தறிந்த நிலைமாறு வெப்பநிலை, நிலைமாறு அழுத்தம் ஆகியவற்றிலிருந்து பின்னோக்கிப் பெறப்பட்டவை. நீங்கள் அவற்றிலிருந்து வெப்பநிலையை மீட்டெடுத்திருக்கிறீர்கள், அவ்வளவே.

திரவம், வாயு என்ற வேறுபாடு மறையும் நிலைமாறு புள்ளியில், வெப்பநிலை மாறாதிருக்க அழுத்தத்தைக் கனஅளவைப் பொறுத்து வகையிட்டால், முதல் வகைக்கெழு, இரண்டாம் வகைக்கெழு ஆகிய இரண்டும் சுழியாகும். இந்நிபந்தனையை வாண்டர்வால்ஸ் சமன்பாட்டில் இட்டால், நீங்கள் பயன்படுத்திய இரு வாய்பாடுகளுடன் நிலைமாறு அழுத்தம் ஏ ÷ (27பி²) என்பதும் கிடைக்கும். மாறிலிகள் இரண்டே என்பதால் மூன்று அளவுகளில் இரண்டை மட்டுமே பொருத்த முடியும். எஞ்சிய கனஅளவு பிழை முழுவதையும் சுமக்கிறது. நிலைமாறு புள்ளியில் அமுக்கத்திறன் காரணி, அதாவது ஒரு மோலுக்கு (அழுத்தம் × கனஅளவு) ÷ (ஆர் × வெப்பநிலை), எல்லா வாயுக்களுக்கும் 3/8, அதாவது 0.375, என இச்சமன்பாடு சொல்கிறது. கார்பன் டைஆக்சைடுக்கு அது உண்மையில் 0.274. இவ்விரு எண்களின் விகிதமும் உங்கள் இரு கனஅளவுகளின் விகிதமும் ஏறத்தாழ ஒன்றே எனக் காணலாம். வாண்டர்வால்ஸ் சமன்பாட்டைத் திருத்தியமைத்த பெங்–ராபின்சன் சமன்பாடு இதை 0.307 ஆகக் குறைக்கிறது. அதுவும் வாயுவுக்கு வாயு மாறாத எண்தான்.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால், அளந்த மதிப்பே இல்லாத சேர்மத்துக்கு என்ன செய்வது?

மறுமொழி 2:
கொதிநிலையிலிருந்து தொடங்கலாம். கெல்வினில் கொதிநிலை, நிலைமாறு வெப்பநிலையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு என்பது குல்ட்பெர்க் விதி. இது தோராயமானது: நைட்ரஜனுக்கு அந்த விகிதம் 0.61, நீருக்கு 0.58, ஹீலியத்துக்கு 0.81. வளிமண்டல அழுத்தத்தில் கொதிக்காமல் பதங்கமாகும் கார்பன் டைஆக்சைடுக்கு இவ்விதியைப் பயன்படுத்தவே இயலாது.

கரிமச் சேர்மங்களுக்கு ஜோபாக் முறை மேலானது. மூலக்கூறின் ஒவ்வொரு தொகுதிக்கும் (சேர்ந்திருக்கும் சில அணுக்களைக் கொண்ட பகுதி) உரிய பங்களிப்புகளின் கூட்டுத்தொகையை எஸ் எனக் கொண்டு, கொதிநிலையை (0.584 + 0.965எஸ் − எஸ்²) என்பதால் வகுக்க வேண்டும். பென்சீனின் ஆறு வளையத் தொகுதிகளுக்குத் தலா 0.0082 வீதம் எஸ் 0.0492 ஆகிறது, கொதிநிலையான 353.2 கெல்வினை இவ்வாறு வகுத்தால் 561.5 கெல்வின் வரும். அளந்த மதிப்பு 562 கெல்வின். நிலைமாறு வெப்பநிலையை எட்டுமுன்பே சிதைந்துவிடும் பெரிய மூலக்கூறுகளுக்கு நேரடி அளவீடு மிகக் கடினம் என்பதால், அங்கே இத்தகைய மதிப்பீட்டையே பெரிதும் நம்ப வேண்டியிருக்கிறது.