யூஎஸ்பி லேன் டாங்கிளுக்குப் பெயர்: மேக்கை நம்புவதா, போர்ட்டை நம்புவதா?

ரூட்டர்_ராஜி:
ராஸ்பெர்ரி பை 3பி என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் ஒரு யூஎஸ்பி லேன் டாங்கிள் (நெட்வொர்க் கேபிளுக்கான சின்னக் கருவி) செருகி வீட்டு ரூட்டராக ஓட்டுகிறேன். கரண்ட் போய் வந்தால் சில சமயம் இரண்டு நெட்வொர்க் இணைப்புகளின் பெயர்கள், ஈத்0-வும் ஈத்1-ம், இடம் மாறிவிடுகின்றன. ஃபயர்வால் விதிகள் தலைகீழ். இன்டர்நெட் பக்கம் திறந்து கிடக்கிறது, வீட்டுப் பக்கம் பூட்டிக்கொள்கிறது. என்ன வழி?

பிங்_பாண்டி:
எது முதலில் எழுந்ததோ அதற்கு ஈத்0, லினக்ஸின் மையமான கர்னலுக்கு அவ்வளவுதான் கணக்கு. இதில் இன்னொரு வில்லங்கம், 3பி-யின் சொந்த ஈதர்நெட்டும் உள்ளே யூஎஸ்பி வழியாகத்தான் வருகிறது. இதற்காகத்தான் 2013-ல் சிஸ்டம்டி (லினக்ஸைத் தொடங்கி நிர்வகிக்கும் மென்பொருள்) 197-ம் பதிப்பு நிலையான பெயர்களைக் கொண்டுவந்தது. ராஸ்பெர்ரி பை ஓஎஸ் அதை அணைத்தே தருகிறது. ஆன் செய்யுங்கள், அந்த ஓஎஸ்-க்கு மூலமான டெபியன் லினக்ஸின் வழக்கப்படி டாங்கிளுக்கு மேக் முகவரியே (நெட்வொர்க் கருவியில் பதித்த அடையாள எண்) பெயராக வந்துவிடும். கதை முடிந்தது.

பழைய_டெபியன்:
எங்கே முடிந்தது? அந்தப் பெயரில் முன்னால் வரும் 'ஈஎன்எக்ஸ்' 3 எழுத்து, மேக் 12. லினக்ஸில் இன்டர்ஃபேஸ் பெயருக்கு மொத்த இடமே 15 எழுத்து. அந்த நீளப் பெயரை ஃபயர்வாலில் கையால் அடித்துப் பாருங்கள், தெரியும். டாங்கிள் செத்து, ராத்திரி வேறொன்றைச் செருகினால் பெயரும் மாறும், விதிகளும் போச்சு. மேக் ஒன்றும் வேதவாக்கு இல்லை. மலிவு டாங்கிள்களில் ஒரே மேக்கை எரித்து விற்கிறார்கள். பல போன்களில் டெதரிங் (போனின் இன்டர்நெட்டைப் பகிர்வது) போடும்போதெல்லாம் மேக் புதிது. என் ஓட்டு போர்ட்டுக்குத்தான், அதாவது எந்த ஓட்டையில் செருகியிருக்கிறதோ அதை வைத்துப் பெயர்.

பிங்_பாண்டி:
போர்ட் மட்டும் ஒழுங்கா? யூஎஸ்பி 3 டாங்கிள் அரைகுறையாக உட்கார்ந்து யூஎஸ்பி 2 வேகத்தில் எழுந்தால், அதே ஓட்டைக்கு வேறு எண் வரலாம். ஹப்புக்குள் ஹப் போட்டால் பெயர் 15 எழுத்தைத் தாண்டலாம், தாண்டினால் பழையபடி ஈத்0-தான்.

பழைய_டெபியன்:
3பி-யில் யூஎஸ்பி 3-யே கிடையாது ஐயா. கேட்டவருக்குப் பதில் சொல்லுங்கள்.

ரூட்டர்_ராஜி:
ஹப்பும் இல்லை, ஒரே டாங்கிள்தான். எதை எங்கே எழுதணும்?

பழைய_டெபியன்:
ஈடிசி-க்குள் சிஸ்டம்டி, அதற்குள் நெட்வொர்க் ஃபோல்டர். அங்கே 10 என்று தொடங்கும் ஒரு லிங்க் ஃபைல். முதலில் பொருந்தும் ஒரே ஃபைல்தான் செல்லும், அதனால் எண் சின்னதாக இருக்கட்டும். மேட்ச் பகுதியில் பாத், லிங்க் பகுதியில் நேம். பாத்துக்கு யூடெவ்அட்ம் இன்ஃபோ என்ற கட்டளை காட்டும் ஐடி_பாத் மதிப்பு, அதாவது ஓட்டையின் முகவரி. அதில் 3பி-யின் உள் ஈதர்நெட் 1.1, வெளி ஓட்டைகள் 1.2 முதல் 1.5 வரை. பெயர் வான்0 (வான் என்றால் இன்டர்நெட் பக்கம்) என்று இருக்கட்டும், ஈத்0 மட்டும் வேண்டாம், கர்னல் அதை ஏற்கெனவே வேறொன்றுக்குக் கொடுத்திருந்தால் பெயர்மாற்றம் தோற்கும். பாண்டி சொன்னதை ஆன் செய்யாமலே இது வேலை செய்யும்.

பிங்_பாண்டி:
ஃபைல் சரி. ஆனால் பாத்துக்குப் பதிலாக மேக்கைப் போடுங்கள் ராஜி. தூசி தட்டி யாராவது ஓட்டை மாற்றிச் செருகினாலும் வான்0 வான்0-தான். டாங்கிள் செத்தால் ஒரு வரி திருத்தினால் போதும், ஃபயர்வாலைத் தொடவே வேண்டாம்.

பழைய_டெபியன்:
அந்த ஒரு வரியை யார் திருத்துவது?

பிங்_பாண்டி:
லேன் பக்கம், அதாவது வீட்டுப் பக்கம், உயிரோடுதானே இருக்கும், வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து எஸ்எஸ்எச் போட்டு உள்ளே போக வேண்டியதுதான்.

பழைய_டெபியன்:
ராஜி ஊரில் இல்லாத அன்றைக்கு, இதை அவர் அம்மாவுக்கு போனில் சொல்லிக்கொடுங்கள். நான் "அதே ஓட்டையில் புதுசைச் செருகுங்கம்மா" என்று மட்டும் சொல்வேன்.

ரூட்டர்_ராஜி:
அம்மாதான் தூசியும் தட்டுவாங்க. 🙂