நட்சத்திர வரைபட மென்பொருளோடு மாரடித்த கதைகள்

என் அனுபவத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன், மற்றவர்கள் கீழே தொடரட்டும். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாக நாங்கள் ஆடும் அறிவியல் புனைவு கேம்பெயினுக்குக் (பல நாள் தொடரும் ஆட்டக் கதைக்கு) கற்பனை நட்சத்திரங்கள் வேண்டாம், சூரியனைச் சுற்றி 20 ஒளியாண்டுக்குள் நிஜமாகவே இருப்பவை போதும் என்று முடிவு செய்தேன். கதையை நடத்தும் கேம் மாஸ்டர் நான்தான். பிளேயர்கள் நான்கு பேர். அதில் ஒருவன் இயற்பியல் படித்தவன், இட்டுக்கட்டினால் விடமாட்டான்.

எச்.ஒய்.ஜி. என்ற இலவச நட்சத்திரப் பட்டியலை இறக்கினேன். ஹிப்பார்கோஸ், யேல், கிளீசே என்ற மூன்று பட்டியல்களைச் சேர்த்துச் செய்தது. ஒரு லட்சத்துக்கு மேல் நட்சத்திரங்கள். அதில் ஒவ்வொரு நட்சத்திரமும் எங்கே இருக்கிறது என்று காட்டும் எக்ஸ், ஒய், இசட் (இசட்தான் உயரம்) மூன்றும் கணக்கிட்டே கொடுத்திருக்கிறார்கள். நான் அதைப் பார்க்காமல், வல ஏற்றத்தையும் நடுவரை விலக்கத்தையும் (வானத்துக்கான தீர்க்கரேகை, அட்சரேகை மாதிரி) வைத்து ஸ்ப்ரெட்ஷீட்டில் நானே கணக்குப் போட்டேன். ஆஸ்ட்ரோசிந்தசிஸ் என்ற முப்பரிமாண வரைபட மென்பொருளில் ஏற்றித் திருப்பிப் பார்த்தால், அண்டம் முழுக்க வெட்டி வைத்த தர்பூசணித் துண்டு மாதிரி ஒரே பக்கம் ஒடுங்கிக் கிடக்கிறது! வல ஏற்றம் அந்தப் பட்டியலில் மணிக்கணக்கில் இருக்கிறது, 0 முதல் 24 வரை. 15-ஆல் பெருக்கினால்தான் பாகை வரும். நான் பெருக்கவில்லை. இரண்டு ராத்திரி போச்சு. (பார்செக் என்றால் சுமார் 3.26 ஒளியாண்டு. தூரம் 100000 பார்செக் என்று இருக்கும் வரிகளையும் தூக்கிவிடுங்கள். தூரம் சரியாகத் தெரியாதவற்றுக்கு அப்படிப் போட்டு வைத்திருக்கிறார்கள்.)

அதைச் சரிசெய்த பிறகுதான் பெரிய தப்பைச் செய்தேன். முப்பரிமாணத்தில் சுழலும் வரைபடம் திரையில் அழகாக இருக்கும், மேசையில் எதற்கும் உதவாது. எல்லோரும் ஆளுக்கொரு கோணத்தில் திருப்பச் சொல்வார்கள். அதனால் இசட்டை விட்டுவிட்டு மேலிருந்து பார்க்கிற மாதிரி தட்டையாக அச்சடித்துக் கொடுத்தேன். அதில் பார்னார்டு நட்சத்திரம், ஸ்ட்ரூவ் 2398, சிக்மா டிராகோனிஸ் மூன்றும் பக்கத்துப் பக்கத்துக் கடை மாதிரி வரிசையாக இருந்தன. பார்னார்டிலிருந்து சிக்மா டிராகோனிஸுக்கு அளந்தால் 2.6 ஒளியாண்டு. அங்கே சிக்கிய ஆட்களை மீட்கப் பிளேயர்கள் கிளம்பிவிட்டார்கள்.

இயற்பியல்காரன் மட்டும் மெதுவாகக் கேட்டான்: “இசட் எங்கடா?”

சிக்மா டிராகோனிஸ் வானில் வடக்கே மிக உயரத்தில் இருப்பது. இசட்டையும் சேர்த்தால் தூரம் 17 ஒளியாண்டுக்கு மேல். எங்கள் கப்பல் ஒரே மூச்சில் 10 தாண்டாது. நல்லவேளை, ஸ்ட்ரூவ் 2398 நிஜமாகவே இடையில் இருக்கிறது: பார்னார்டிலிருந்து 9.5, அங்கிருந்து சிக்மா டிராகோனிஸுக்கு 7.8. இரண்டு செங்குள்ளன்கள் (சிறிய, மங்கலான சிவப்பு நட்சத்திரங்கள்) ஒன்றையொன்று சுற்றும் இடம். பேருக்கு ஒரு புள்ளியாக வைத்திருந்ததில் அன்று ராத்திரியே ஓர் எரிபொருள் கிடங்கும், அதை நடத்தும் கறாரான கிழவியும் முளைத்தார்கள். அங்கேயே நான்கு செஷன் ஓடியது. இப்போது வரைபடமே கொடுப்பதில்லை. எங்கிருந்து எங்கே எவ்வளவு தூரம் என்று ஒரு பக்க அட்டவணை, அவ்வளவுதான்.

—

மேலே எழுதியவரின் கதைக்கு என் கதை நேர் எதிர். நாங்கள் ஆடுவது டிராவலர், 1977-இல் வந்த பழைய ஆட்டம். அதில் விண்வெளியே தட்டைதான்: ஓர் அறுகோணம் ஒரு பார்செக், எட்டுக்குப் பத்துக் கட்டம் ஒரு சப்செக்டர். அதனால் இசட் தலைவலி இல்லை. மென்பொருளில் ஒரு பட்டனைத் தட்டினேன், சப்செக்டர் தயார். நடுவில் அழகாக இருந்த உலகத்தைத் தொடக்க இடமாக வைத்தேன்.

முதல் செஷனிலேயே மாட்டிக்கொண்டேன். பிளேயர்களிடம் இருந்தது 200 டன் ஃப்ரீ டிரேடர் என்ற சிறு சரக்குக் கப்பல். ஒரு ஜம்ப்புக்கு (விண்வெளித் தாவலுக்கு) ஒரு பார்செக்தான் போகும். அந்த உலகத்தைச் சுற்றி ஆறு கட்டமும் காலி! மென்பொருள் தன் பாட்டுக்குத் தாயம் உருட்டிவிட்டது, நான் சரிபார்க்கவில்லை. பட்டனை மறுபடி தட்டிவிடலாமா என்று கை துறுதுறுத்தது.

எங்கள் கப்பல் இன்ஜினியராக ஆடும் அக்காதான் வழி கண்டுபிடித்தார். சரக்கு அறையில் 20 டன் மடக்கு எரிபொருள் டேங்க் வைத்து, வெறும் விண்வெளிக்கு ஒரு ஜம்ப், அங்கிருந்து இன்னொரு ஜம்ப். ஜம்ப்புக்கு ஒரு வாரம் ஆகும், ஆக இரண்டு வாரம். சரக்குக்கான இடம் 82 டன்னிலிருந்து 62 ஆகிவிட்டது, கப்பல் கடன் தவணை மட்டும் குறையவில்லை. டேங்க் வாங்கவே கடன்தான்.

—

மேலே தர்பூசணி சொன்னவருக்கு: எனக்கும் அதேதான் ஆனது. நான் மூன்று மாதம் அதைப் பால்வீதியின் ஒரு கை என்று சொல்லியே ஆட்டத்தை ஓட்டினேன். யாரும் கேட்கவில்லை. உங்கள் இயற்பியல்காரரை எங்கள் பக்கம் அனுப்பிவிடாதீர்கள்.