ஃப்ரான்க்ஸ் வைத்திருப்பவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. மாருதி ஃப்ரான்க்ஸ் கார் வாங்கலாமா என்று ஒரு மாதமாக யோசிக்கிறோம். பின்பக்கம் சரிந்து இறங்கும் அந்தக் கூரை வீட்டில் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. ஆனால் கேள்வியும் அதே கூரைதான். ஓட்டிப் பார்க்கப் போனபோது ஆறடி உயர அப்பாவைப் பின்சீட்டில் உட்கார வைத்தோம். தலைக்கு மேல் இரண்டு விரல் இடம். "பரவாயில்லப்பா" என்றார். அவர் எதற்கும் அப்படித்தான் சொல்வார்.

மேட்டுப்பாளையத்திலிருந்து மாதம் இரண்டு முறை கோத்தகிரி போவோம், நான்கு பேர். 1.2 லிட்டர் இன்ஜின் போதுமா, 1.0 டர்போ வேண்டுமா? டர்போவில் ஆறு கியர் ஆட்டோமேட்டிக், 1.2-இல் ஏ.எம்.டி. (மேனுவல் கியரையே தானாக மாற்றிக்கொள்ளும் வகை). கொண்டை ஊசி வளைவுகளில் ஏ.எம்.டி. ஓட்டியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அப்புறம், 308 லிட்டர் டிக்கியில் அம்மாவின் வீல்சேரை மடித்து வைக்க முடியுமா?