பொருள்: மறு: 'நியூபி' என்பதற்குக் 'கற்றுக்குட்டி' போதுமா?

அன்பிற்குரிய குழுவினருக்கு வணக்கம்.

இணைய ரசிகர் குழுமங்களில் புதிதாகச் சேர்ந்தவரைக் குறிக்க வழங்கும் 'நியூபி' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் 'கற்றுக்குட்டி' போதும் என்று நம் குழுவின் ஐயா ஒருவர் முந்தைய மடலில் எழுதியிருந்தார். பழகிய சொல்தான்; ஆனால் அது அரைகுறை அறிவைச் சுட்டுவது. ஒரு தொடரின் அத்தனை பகுதிகளையும் பலமுறை பார்த்து, எந்தக் காட்சியில் எந்த வசனம் என்பது வரை மனப்பாடமாக வைத்திருக்கும் ஒருவர் தம் முதல் இடுகையிலேயே கதையின் முரண் ஒன்றைச் சுட்டினால், 'பழைய இழைகளைத் தேடிப் படியுங்கள்' என்று ஒற்றை வரியில் பதில் வருகிறது. அதே முரணை நெடுநாள் உறுப்பினர் எழுப்பினால் விவாதம் பக்கம் பக்கமாக நீள்கிறது. இருவரையும் பிரிப்பது பெயருக்குக் கீழே தெரியும் சேர்ந்த நாளும் இடுகை எண்ணிக்கையும், முன்பு நடந்த சச்சரவுகளில் யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்ற எழுதப்படாத வரலாறுமே. ஆகவே நமக்கு வேண்டியது நிலையைக் குறிக்கும் சொல்.

'புதுமுக'த்தைத் திரைத்துறை எடுத்துக்கொண்டுவிட்டது; அங்கே அது வரவேற்புக்குரியதும்கூட. 'புகுமுகர்' என்பதை முன்மொழிகிறேன். முன்பு கல்லூரிகளில் பட்டப்படிப்புக்கு முன் இருந்த புகுமுக வகுப்பில் (பி.யூ.சி.) படித்த மாணவர் கல்லூரிக்குள் வந்துவிட்டவர், பட்ட வகுப்புக்குள் இன்னும் வராதவர். இங்கும் அதே இடைநிலைதான். இணையத்தின் தொடக்ககால விவாத வலையமைப்பான யூஸ்நெட்டில் ஆண்டுதோறும் செப்டம்பரில் நுழைந்த கல்லூரி மாணவர்களைப் பழையவர்கள் மெல்லப் பழக்கி எடுத்தார்கள். 1993-க்குப் பின் வரவு ஓயாமல் பெருகியதால் அது 'முடிவில்லாச் செப்டம்பர்' ஆயிற்று. பழக்குவதற்குப் போதிய ஆளில்லாதபோது புகுமுக நிலையும் நீள்கிறது என்பதால், ஆளுக்கும் நிலைக்கும் ஒரே வேரில் சொல் கிடைப்பது வசதி.

எதிர்முனையில், அறிவியல் புனைகதை ரசிகர்கள் இணையத்துக்கு முன்பே வழங்கிய 'பிக் நேம் ஃபேன்' (ரசிகர்களிடையே பெயர் பெற்ற ரசிகர்) இருக்கிறது. 'மூத்தோர்' இதற்குப் பொருந்தாது. பத்தாண்டு இருந்தும் பெயர் தெரியாதவர்கள் உண்டு, ஒரே ஆண்டில் தம் கதைகளாலோ ஓவியங்களாலோ எல்லோரும் அறிந்தவராகிவிடுபவர்களும் உண்டு. நான் 'ரசிகப் பெருந்தலை' என்பேன். மூலத்தில் உள்ள மெல்லிய கேலியும் அதில் தங்குகிறது (தனித்தமிழ் அன்பர்கள் 'ரசிக'த்தைப் பொறுத்தருள்க).

எதுவும் எழுதாமல் படித்துமட்டும் செல்பவரைக் குறிக்கும் 'லர்க்கர்' என்பதற்கு 'ஒளிந்திருப்போர்' வேண்டாம். படிப்பது குற்றமன்று, 'மௌன வாசகர்' ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளது.

புதியவர்களை உள்ளே விடாமல் பழையவர்கள் தடுப்பதைக் குறிக்கும் 'கேட்கீப்பிங்' என்பதற்குக் குழுவின் அம்மையார் ஒருவர் தந்த 'வாயிற்காவல்' மட்டும் எனக்கு உறுத்துகிறது. காவலரை யாரேனும் அமர்த்தியிருக்க வேண்டும். இங்கே தடுப்பவர்கள் தாமாகவே வந்து நிற்பவர்கள். 'வழிமறிப்பு' பொருந்துமா என்று கருத்துரைக்க வேண்டுகிறேன்.

அன்புடன்.