கிருஷ்ணகிரியில் கடல் பாதுகாப்புப் பிரச்சாரம் தேவையா?

ஓசூர் குடியானவன்:
கடல் பாதுகாப்பு அமைப்பு ஒன்று என் மகன் படிக்கும் பள்ளிக்கு வந்து, ஆமையும் பவளப்பாறையும் காட்டி, உறுதிமொழி வாங்கிச் சென்றிருக்கிறது. இங்கே தென்பெண்ணையாற்றின் கெலவரப்பள்ளி அணையின் மதகைத் திறந்தால் வெள்ளை நுரை பொங்கிக் காற்றில் பறக்கிறது. பெங்களூருவின் சாக்கடையும் ஆலைக்கழிவும்தான் அதற்குக் காரணம். ஆற்றைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவர்களுக்கு இந்த மாவட்டத்தில் என்ன வேலை?

ஊத்தங்கரை வாசகி:
ஐயா, உங்கள் கோபம் நியாயம். ஆனால் வரவே கூடாது என்பதை ஏற்க மாட்டேன். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது, பேருந்து நிலையம் அருகே நின்ற வண்டிகளையே வெள்ளம் இழுத்துச் சென்றது. அதே தென்பெண்ணையில் கீழேயுள்ள சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்தார்கள், கடலூர் மூழ்கியது. நீர் வடிந்தபின் எங்கள் தெரு முள்வேலியில் ஷாம்பு உறைகளும் தேநீர்க் கோப்பைகளும் தொங்கின. வேலியில் சிக்காதது எங்கே போயிருக்கும்? தென்பெண்ணை கடலூர் அருகேதான் கடலில் சேர்கிறது.

மாந்தோப்பு, காவேரிப்பட்டணம்:
அம்மா, அது எப்போதோ வரும் வெள்ளம். மற்ற நாட்களில் நம் குப்பையின் பெரும்பகுதி அணையிலும் ஏரியிலும்தான் தங்குகிறது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. அபராதம் கட்டுவது யார்? சந்தையில் கீரை விற்கும் கிழவி. பை தயாரிக்கும் ஆலையின் வாசலில் எந்த விழிப்புணர்வுக் குழுவாவது பதாகை பிடித்து நின்றதுண்டா?

அரூர் ஆசிரியர்:
பதாகையால் ஆகாது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. குஜராத்தைப் பாருங்கள். அங்கே மீனவர்கள் திமிங்கலச் சுறாவை ஈரல் எண்ணெய்க்காகக் கொன்று வந்தார்கள். 2001இல் சட்டம் தடுத்தது. ஆனால் மனம் மாறியது 2004இல் தொடங்கிய பிரச்சாரத்தால். பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகள் இந்த மீன் என்று ஆன்மிகச் சொற்பொழிவாளர் மொராரி பாபு ஊர் ஊராகச் சொன்னார். அதன்பிறகு மீனவர்களே வலையை அறுத்து அதை விடுவித்தார்கள். அந்த ஊர் மக்களின் நெஞ்சைத் தொடும் பேச்சு அது. நம் பிள்ளைகளுக்குக் காட்டியதோ யாரோ எடுத்த படம்.

மாந்தோப்பு, காவேரிப்பட்டணம்:
பாதியைச் சொல்லிவிட்டீர்கள். அறுத்த வலைக்கு வனத்துறை இழப்பீடு கொடுத்தது. கீரைக்காரக் கிழவிக்குத் துணிப்பை வாங்க யார் கொடுப்பார்கள்?

ஊத்தங்கரை வாசகி:
அதையும் பிரச்சாரத்தின் கோரிக்கையாக வைப்போம். சென்னையில் 1988 முதல் மாணவர்கள் இரவெல்லாம் கரையோரம் நடந்து கடலாமை முட்டைகளைக் காப்பாற்றுகிறார்கள்; பொதுமக்களையும் கூட அழைத்துச் செல்கிறார்கள். கண்ணால் பார்ப்பவர் மறக்கமாட்டார். நமக்கு ஆற்றங்கரை இருக்கிறது. ஆடிப்பெருக்கன்று அனுமன்தீர்த்தத்தில் நீராடுபவர்கள் ஆற்றில் விடும் பழைய துணிகளை அங்கேயே வாங்கிக்கொள்ள ஆள் நிறுத்தலாம். அந்த அமைப்பு இதற்கு வரட்டும்.

ஓசூர் குடியானவன்:
துணி பொறுக்குவதோடு நின்றால் நான் வரமாட்டேன். கெலவரப்பள்ளித் தண்ணீரை மாதந்தோறும் சோதித்து, முடிவைத் தமிழில் எழுதி அணைக்கரையிலேயே பலகையாக வைக்கச் சொல்லுங்கள். அதைக் கேட்கத் துணிந்தால் என் டிராக்டரோடு வருகிறேன்.