புதுப்பிப்பு: புற்றுநோயாளிக்கான ரயில் கட்டணச் சலுகை கிடைத்தது

மதுரை–எழும்பூர் ஸ்லீப்பர் டிக்கெட்டுக்குச் சலுகை தராமல் கவுண்ட்டரில் திருப்பி அனுப்பியதைப் பற்றி இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. இப்போது டிக்கெட் கையில் இருக்கிறது.

பலித்தது, "கடிதம் செல்லாது, ரயில்வே படிவம்தான் வேண்டும்" என்ற யோசனை. முதலில் கொண்டுபோனது மருத்துவரின் லெட்டர்ஹெட் கடிதம். நோயின் பெயரும் சிகிச்சை தேதியும் இருந்தன. எந்த ஸ்டேஷனிலிருந்து எந்த ஸ்டேஷனுக்கு என்பது இல்லை. ரயில்வே நிர்ணயித்த படிவத்தில் அதற்கென்றே இடம் உண்டு. அதை நிரப்பி, மருத்துவமனைப் பொறுப்பு அலுவலரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிய பிறகு பேச்சே எழவில்லை. அசல், நகல் இரண்டையும் எடுத்துப் போங்கள். பயணத்தின்போதும் அசல் கையில் இருக்கட்டும்.

எதிர்பாராதது தொகைதான். ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்கு 100 சதவீதம், உடன் செல்லும் ஒருவருக்கு 75 சதவீதம். ஆனால் தள்ளுபடி அடிப்படைக் கட்டணத்துக்கு மட்டும். ஸ்லீப்பரில் முன்பதிவுக்கு 20 ரூபாய், சூப்பர்ஃபாஸ்ட்டுக்கு 30 ரூபாய் நோயாளிக்கும் உண்டு. "இலவசம்" என்று சொன்னவர்கள் இதை விட்டுவிட்டார்கள்!

ஐஆர்சிடிசி தளத்தில் தேட வேண்டாம், இது கவுண்ட்டரில்தான். தட்கலில் சலுகை கிடையாது. அவசரமாக அழைக்கப்படும் நோயாளிக்கு இதுதான் பெரிய இடி. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது மூத்த குடிமக்கள் சலுகை. நோயாளிகளுக்கானது அப்போதும் தொடர்ந்தது. "எல்லாம் நிறுத்தியாச்சு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.