அப்பாவுக்கு எல்வேட் வைக்கச் சொல்கிறார்கள். கரண்ட் போனால் என்ன செய்வது?

நெல்லைவாசி:
அப்பாவுக்கு 61 வயது. எக்கோ ஸ்கேனில் இ.எஃப். (ஒவ்வொரு துடிப்பிலும் இதயக் கீழறை தன்னிடம் உள்ள ரத்தத்தில் வெளியே தள்ளும் பங்கு) 15 சதவீதம்தான். பலூன் பம்ப் போட்டு நாலு நாள் ஐசியூவில் வைத்திருந்து எடுத்துவிட்டார்கள். மாற்று இதயத்துக்குப் பதிவு செய்தாயிற்று. கிடைக்கும்வரை எல்வேட், அதாவது இதயத்தின் இடது பக்கத்துக்கு உதவ உள்ளே பொருத்தும் பம்ப், வைக்கலாம் என்கிறார் டாக்டர்; ஹார்ட்மேட் 3 என்ற மாடல். எங்கள் பக்கம் பராமரிப்பு என்று சொல்லி ஒரு பகல் முழுக்க மின்தடை செய்வார்கள். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

கோமதி அக்கா:
தம்பி, என் வீட்டுக்காரருக்கு வைத்து இது மூணாவது வருஷம். பகல் மின்தடைக்குப் பயப்படவே வேண்டாம். பகலில் எப்படியும் பேட்டரிதான். ஒரு ஜோடி முழுசாக ஏறியிருந்தால் 17 மணி நேரம் வரை வரும். சார்ஜரில் நாலு பேட்டரி போடலாம். மாற்றும்போது ஒன்றைக் கழற்றி, புதியதை மாட்டி, அப்புறம்தான் அடுத்தது. இரண்டையும் சேர்த்துக் கழற்றவே கூடாது.

இரவுதான் கவனம். தூங்கும்போது சுவர் பிளக்கில் இருப்பார். கரண்ட் போனால் அலாரம் கத்தும். பம்பை இயக்கும் கன்ட்ரோலர் பெட்டிக்குள் இருக்கும் சின்ன பேட்டரி 15 நிமிஷமாவது பம்பை ஓட்டும்; அதற்குள் பெரிய பேட்டரிக்கு மாற்றிவிட வேண்டும். நான் தலைமாட்டிலேயே ஒரு ஜோடி வைத்திருப்பேன். நம் வீடுகளில் பிளக்குக்குப் பக்கத்திலேயே ஸ்விட்ச் இருக்கிறதே, அதுதான் ஆபத்து. ஒருநாள் பேரன் அணைத்துவிட்டான். அன்றைக்கே ஸ்விட்ச் மேல் அட்டை வைத்து டேப் சுற்றிவிட்டேன்.

இன்னொன்று: நாடி சரியாகக் கிடைக்காது. பம்ப் ரத்தத்தை இடைவிடாமல் தள்ளுகிறது இல்லையா? காய்ச்சல் என்று ஒரு கிளினிக்குப் போனோம். நர்ஸ் பொண்ணு மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு வெலவெலத்துப் போச்சு, இவர் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்! இவருக்கு பி.பி. டாப்ளர் (ஒலியலையால் ரத்த ஓட்டத்தைக் கேட்கும் கருவி) வைத்துத்தான் பார்ப்பார்கள்.

ஐசியூ டெக்னீஷியன்:
பலூனையும் இதையும் ஒன்றாக நினைக்க வேண்டாம். பலூன் மகாதமனிக்குள் இருந்துகொண்டு, இதயம் விரியும்போது ஊதி, சுருங்கும்போது வற்றும். சில நாளைக்கு ஒரு கைத்தாங்கல், அவ்வளவுதான். ஹார்ட்மேட் 3 இடது கீழறையின் நுனியிலிருந்து ரத்தத்தை உறிஞ்சி நேரே மகாதமனிக்கு அனுப்புகிறது. உள்ளே சுழலி காந்தத்தில் மிதந்தபடி நிமிஷத்துக்கு 5,000 சுற்றுக்கு மேல் சுற்றும். வலது பக்கம் பலமாக இருக்கிறதா என்று டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள். இது இடது பக்கத்துக்கு மட்டும்தான். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரையும் தொடர்ந்து சாப்பிட வேண்டும்.

நெல்லைவாசி:
நன்றி அக்கா, நன்றி சார். அப்பா கேட்பது வேறு: ஆற்றுக் குளியல் உண்டா, வேட்டி கட்டலாமா?

கோமதி அக்கா:
தாமிரபரணியில் முங்கவே முடியாது. டாக்டர் சரி என்ற பிறகு, பெட்டியை அதற்கான பையில் போட்டுக்கொண்டு ஷவரில் குளிக்கலாம். வேட்டி தாராளமாகக் கட்டலாம், ஆனால் பம்பின் வயர் வயிற்றிலிருந்து வெளியே வரும் இடத்தில் கட்டு அழுத்தக் கூடாது. அந்தப் புண் வாயில் சீழ் பிடித்தால் பெரிய தொல்லை. இவர் இப்போது வேட்டியைக் கொஞ்சம் இறக்கித்தான் கட்டுகிறார், பெல்ட்டை மகனிடம் கொடுத்துவிட்டார்.